பென்ச் பிரஸ் போட்டிக்கு முன் ஒரு வரலாற்றுப் பாடம்



பதிவு கொஞ்சம் நீளம். ஜிம்முக்குப் போகும் தம்பிமாரும் அவர்களுடைய வாப்பாமாரும் கடைசிவரை பொறுமையாக வாசித்தால் போதும்.

போன கிழமை இஷாவுக்குப் பிறகு எமது பழைய மாணவர்கள் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இன்னும் பத்துக் கிழமையில் ஒரு பென்ச் பிரஸ் போட்டி. நால்வரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நால்வருடைய போனிலும் நான்கு விதமான பயிற்சித் திட்டங்கள். "சேர், இதுல எது நல்லம்? இது மூணு கிழமையில பத்து கிலோ கூட்டுமாம்" என்று ஒருவர் போனை நீட்டினார்.

நான்காவது தம்பி ஒன்றும் பேசவில்லை. போன வருடம் அவரும் இப்படித்தான் ஒரு திட்டத்தைப் போனில் இறக்கிச் செய்தார். மூன்றாம் கிழமையில் தோள் வலித்தது. விடாமல் செய்தார். போட்டியில் மூன்று முயற்சியும் தோல்வி. அதன்பிறகு இரண்டு மாதம் வாப்பாவின் கடையில் மேல் தட்டிலிருந்து ஒரு பால்மா பெட்டியை இடது கையால் எடுக்க முடியாமல் இருந்தார். இந்த வருடமும் பெயர் கொடுத்திருக்கிறார். அவருக்காகத்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தோம்.

நாம் உடற்பயிற்சி நிபுணர் இல்லை. வரலாறு படிப்பிக்கிறோம். ஆசிரியர் கலாசாலையில் எமக்குப் பழக்கிய ஒரு விடயம், எந்த ஆவணம் கைக்கு வந்தாலும் மூன்று கேள்வி கேட்பது. யார் எழுதினார்? எப்போது எழுதினார்? யாருக்காக எழுதினார்? பயிற்சித் திட்டமும் ஒரு ஆவணம்தானே. அந்த நான்கு போன்களையும் மேசையில் வைத்துவிட்டு, இதே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்த்தோம்.

*ஆஸ்பத்திரியில் பிறந்த திட்டம்*

பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் யோசனை பழையது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மல்யுத்த வீரர் மைலோ, ஒரு கன்றுக்குட்டியை நாளாந்தம் தூக்கி, அது காளையாக வளர்ந்த பிறகும் தூக்கினார் என்று கதை சொல்வார்கள். அது கதை. அந்த யோசனையை அளந்து, எழுதி, மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டவர்களில் முக்கியமானவர் தோமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். சிக்காகோவிலிருந்த கார்டினர் ஜெனரல் ஹொஸ்பிடலில் கால் முறிந்த, முழங்கால் காயப்பட்ட சிப்பாய்கள் நிறைந்திருந்தார்கள். பாரம் தூக்கினால் தசை இறுகிவிடும், இதயம் கெட்டுவிடும் என்று வைத்தியர்களே நம்பிய காலம் அது. டிலோர்ம் இளமையில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பிறகு பாரம் தூக்கித்தான் தேறியவர். ஆகவே நோயாளிகளின் காலில் இரும்புச் சப்பாத்தைக் கட்டி, அதில் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். 1945இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

அவருடைய முதல் திட்டத்தில் ஒரு தடவைக்கு 70 முதல் 100 ரெப் வரை இருந்தது. மூன்று வருடம் நோயாளிகளைப் பார்த்த பிறகு, 1948இல் ஆர்தர் வொட்கின்ஸ் என்ற வைத்தியரோடு சேர்ந்து அதை 20, 30 ரெப்புக்குக் குறைத்தார். பத்து தடவை மட்டும் தூக்கக்கூடிய எடையைக் கண்டுபிடி. முதல் செட் அதில் பாதி, இரண்டாவது முக்கால், மூன்றாவது முழு எடை. ஒவ்வொன்றும் பத்து ரெப். இன்று உலகெங்கும் ஜிம் சுவரில் தொங்கும் "3 செட், 10 ரெப்" என்ற ஷெடியூலின் பிரபலத்துக்கு இந்தக் கட்டுரை பெரிய காரணம்.

தன்னுடைய திட்டத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க அதன் ஆசிரியரே வெட்கப்படவில்லை. நாம்தான் போனில் கிடைத்த திட்டத்தில் ஒரு செட்டைக் குறைத்தால் ஆண்மை குறைந்துவிடும் என்று நினைக்கிறோம்.

*தரையிலிருந்து பென்சுக்கு*

ஆரம்பத்தில் பென்ச் இல்லை. தரையில் படுத்துத்தான் தூக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோர்ஜ் ஹக்கன்ஷ்மிட் என்ற மல்யுத்த வீரர் தரையில் படுத்து 361 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 164 கிலோ தூக்கினார். 1916இல் ஜோ நோர்ட்குவெஸ்ட் அதை இரண்டு இறாத்தலால் முறியடித்தார். பெரிய சாதனையாளர்களுக்கிடையிலேயே வித்தியாசம் ஒரு கிலோவுக்குக் கீழ்.

500 இறாத்தலை முதலில் பென்ச் பிரஸ் செய்தவர் என்று சொல்லப்படுபவர் கனடாவைச் சேர்ந்த டக் ஹெப்பர்ன். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்தவர். 1953இல் ஸ்டொக்ஹோமில் நடந்த உலக பளுதூக்கல் போட்டியில் சம்பியனானார். அவருடைய முறை மிக எளிது. எடையைக் கூட்ட அவசரப்படமாட்டார். ஒரு நாளைக்கு ஒரேயொரு ரெப்பை மட்டும் கூட்டுவார். எல்லா செட்டிலும் அந்த ரெப் நிரம்பிய பிறகுதான் எடையில் சிறிது ஏற்றுவார்.

ஒரு தம்பியின் போனிலிருந்த 5×5 இதே காலத்தைச் சேர்ந்த குடும்பம். இங்கிலாந்தின் ரெஜ் பார்க் 1960இல் எழுதிய ஒரு சிறு நூலில் அது இருக்கிறது. ஐந்து செட்டில் முதல் இரண்டும் உடம்பைச் சூடாக்க, மீதி மூன்றும் ஒரே எடையில். 1976இல் அமெரிக்கப் பயிற்றுநர் பில் ஸ்டார் அதை அமெரிக்க உதைபந்தாட்ட வீரர்களுக்காக மாற்றி எழுதினார். கிழமையில் மூன்று நாள். ஒரு நாள் பாரம், ஒரு நாள் இலேசு, ஒரு நாள் நடுத்தரம்.

போனில் அந்தத் தம்பி வைத்திருந்த பிரதியில் மூன்று நாளும் பாரமான நாள். கைமாறிக் கைமாறி வந்ததில் இலேசான நாள் காணாமல் போய்விட்டது. வரலாற்று ஆவணங்களுக்கும் இப்படித்தான் நடக்கும். பிரதி எடுப்பவர் தனக்குப் பிடிக்காத வரியை விட்டுவிடுவார்.

*மறைக்கப்பட்ட காரணம்*

இந்தப் பகுதியை வாப்பாமார் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யோர்க் நகரில் பொப் ஹொஃப்மன் என்பவரைச் சுற்றி ஒரு பளுதூக்கல் குழு இருந்தது. அந்தக் குழுவில் சிலருடைய பலம் திடீரென்று ஏறியது. அசையாத இரும்புக் கம்பிக்கு எதிராகச் சில செக்கன்கள் தள்ளிக்கொண்டு நிற்கும் புதிய பயிற்சிதான் காரணம் என்று ஹொஃப்மனின் சஞ்சிகை எழுதியது. பயிற்சி நூலும் அதற்கான இரும்புச் சட்டமும் விற்பனையாகின. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வாங்கிச் செய்தார்கள். அதே பலன் அவர்களுக்கு வரவில்லை.

ஏனென்றால் இன்னொரு காரணமும் இருந்தது. குழுவோடு தொடர்புடைய டொக்டர் ஜோன் சீக்ளர், 1958இல் சந்தைக்கு வந்த டயனபோல் என்ற ஸ்டீரொய்ட் மாத்திரையைச் சில வீரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது சஞ்சிகையில் வரவில்லை. சீக்ளர் பின்னாளில் தான் தொடக்கிவைத்ததை நினைத்து மிகவும் வருந்தினார்.

ஆகவே ஒரு சம்பியனின் திட்டம் என்று ஒரு தாளைக் கண்டால், அந்தத் தாளில் எழுதப்படாதது என்ன என்றும் கேட்க வேண்டும். மாத்திரை, ஊசி இருந்ததா? அவர் எத்தனை மணிநேரம் தூங்கினார்? வேறு தொழில் செய்தாரா? எமது தம்பி இரவு பத்து மணிவரை கடையில் நிற்கிறார். அதே செட்டை இவர் செய்தால் அதே பலன் எப்படி வரும்? அந்த இடைவெளியை நிரப்பத்தான் யாராவது ஒருவர் மெதுவாக வந்து "ஒரு ஊசி போட்டா சரி" என்று காதில் சொல்கிறார். பிள்ளைகள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

*ரஷ்யக் கணக்கு*

சோவியத் ஒன்றியம் முதன்முதலில் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது 1952இல், ஹெல்சிங்கியில். அதன்பிறகு விளையாட்டுப் பயிற்சியை அவர்கள் ஒரு விஞ்ஞானமாக நடத்தினார்கள். லியோனிட் மத்வேயெவ் 1960களில் வருடத்தையே பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். போட்டி தூரத்தில் இருக்கும்போது அளவு கூட, பாரம் குறைவு. போட்டி நெருங்க நெருங்க அளவு குறைய வேண்டும், பாரம் ஏற வேண்டும். போட்டி முடிந்தால் ஓய்வுக் காலம்.

பிரிலெபின் என்ற பயிற்றுநர் சிறந்த பளுதூக்கல் வீரர்களின் பயிற்சிப் பதிவேடுகளைப் பார்த்து ஒரு அட்டவணை செய்தார். ஒருவருடைய உச்ச எடையில் 70 முதல் 79 வீதம் என்றால் ஒரு நாளில் மொத்தம் 12 முதல் 24 ரெப். 80 முதல் 89 வீதம் என்றால் 10 முதல் 20. 90 வீதத்துக்கு மேல் என்றால் 4 முதல் 10 மட்டும்.

இப்போது "மூணு கிழமையில பத்து கிலோ" திட்டத்துக்கு வருவோம். அதன் பெயர் ஸ்மோலோவ் ஜூனியர். ஸ்மோலோவ் என்ற பெயரில் வந்த மூலத்திட்டம் ஸ்குவாட்டுக்கு உரியது. அதைச் சுருக்கி பென்சுக்கு மாற்றியிருக்கிறார்கள். கிழமையில் நான்கு நாள். 70 வீதத்தில் 6 செட் 6 ரெப், 75இல் 7 செட் 5 ரெப், 80இல் 8 செட் 4 ரெப், 85இல் 10 செட் 3 ரெப்.

கணக்குப் பார்ப்போம். நான்காம் நாளில் 85 வீதத்தில் 30 ரெப். பிரிலெபினின் உச்ச எல்லை 20. அதாவது ஒன்றரை மடங்கு. 100 கிலோ தூக்கும் ஒருவர் முதல் கிழமையில் மட்டும் 133 ரெப் செய்வார். மொத்தம் 10,255 கிலோ. அடுத்த இரண்டு கிழமையும் அதற்கு மேல் எடை ஏறும். பிரிலெபின் கணக்கு ஒலிம்பிக் பளுதூக்கலுக்கு உரியது, பென்சுக்கு அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான். ஆனாலும் தோளுக்கு எவ்வளவு வேலை என்பது விளங்கும். பல வருடம் பயிற்சி செய்து, மூட்டும் தசைநாரும் பழகிய ஒருவர் குறுகிய காலத்துக்கு இதைத் தாங்கலாம். பயிற்சி தொடங்கி ஒரு வருடமான பிள்ளைக்கு அல்ல.

போன வருடம் எமது தம்பி செய்தது இதைத்தான். கணக்கைப் போட்டுக் காட்டியபோது, "அப்ப நான் சோம்பேறி இல்லயா சேர்?" என்று கேட்டார். ஒரு வருடமாக அவர் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தது அன்றுதான் எமக்குத் தெரிந்தது.

ரஷ்யத் திட்டம் எல்லாமே இப்படி என்று நினைக்க வேண்டாம். ரஷ்ய தேசிய அணியைப் பயிற்றுவித்த போரிஸ் ஷேய்கோவின் திட்டங்களில் பெரும்பகுதி உச்சத்துக்குக் கீழேதான் நடக்கும். 70, 80 வீதத்தில், அழகான ரெப்கள், அடிக்கடி. தோல்வி வரை தள்ளுவது அங்கே அபூர்வம்.

*சட்டை அணிந்தவர்களின் திட்டம்*

1965இல் அமெரிக்காவில் பவர்லிஃப்டிங் எனப்படும் வலுத்தூக்கலின் தேசிய போட்டி தொடங்கியது. 1972இல் சர்வதேச சம்மேளனம் உருவானது. 1967இல் பெட் கேசி 600 இறாத்தலும், 1985இல் டெட் ஆர்சிடி 700 இறாத்தலுக்கு மேலும் தூக்கினார்கள். 1980களில் ஜோன் இன்சர் என்பவர் பென்ச் சட்டையை அறிமுகப்படுத்தினார். மிக இறுக்கமான அந்தச் சட்டை, கம்பி மார்புக்கு வரும்போது இழுபட்டு, மேலே தள்ள உதவும்.

மூன்றாவது போனிலிருந்தது ஒஹையோ மாநிலத்து லூயி சிமன்ஸின் முறை. ஒரு நாள் உச்ச எடை, இன்னொரு நாள் இலேசான எடையில் வேகம். சட்டை பாதி வேலையைச் செய்வதால் அவருடைய வீரர்களுக்குக் கம்பியின் மேல்பாதியில்தான் கூடுதல் பலம் தேவைப்பட்டது. அதற்கேற்ற துணைப்பயிற்சிகள் அதில் நிறைய இருக்கின்றன. எமது தம்பிமார் சாதாரண டீசேர்ட்டில் தூக்கப்போகிறார்கள். அவர்களுக்குக் கஷ்டம் மார்பில்தான்.

நான்காவது, ஜிம் வென்ட்லர் 2009இல் வெளியிட்ட 5/3/1. சட்டையும் உபகரணமும் அணிந்து 1000 இறாத்தல் ஸ்குவாட் செய்து, அந்த வாழ்க்கை போதும் என்று ஒதுங்கிய மனிதர் எழுதியது. உச்ச எடையில் 90 வீதத்தை எடுத்து, அதை வைத்தே எல்லாக் கணக்கும். நான்கு கிழமைக்கு ஒருமுறை ஏறக்குறைய 2.5 கிலோ மட்டும் கூட்டச் சொல்கிறார். 100 கிலோ தூக்குபவர் முதல் சுற்றில் 86 கிலோவைத் தாண்டமாட்டார். வருடக்கணக்கில் நோகாமல் முன்னேற நல்ல திட்டம். ஆனால் ஒரு திகதியை மனதில் வைத்து எழுதியதல்ல. போட்டிக்கு முன் பாரமான ஒற்றை ரெப்களை நாமே சேர்க்க வேண்டும்.

*போட்டி கேட்பது என்ன?*

நான்கு திட்டமும் நான்கு பேருடைய கேள்விக்கு எழுதிய விடைகள். எமது கேள்வி வேறு. பத்துக் கிழமைக்குப் பிறகு, ஒரு நாளில், மூன்று முயற்சியில், நடுவர் ஏற்கும்படி ஒரு ரெப். அவ்வளவுதான்.

நடுவர் "ஸ்டார்ட்" சொன்ன பிறகு இறக்க வேண்டும். கம்பி மார்பில் அசையாமல் நின்ற பிறகு "பிரஸ்" என்பார். மேலே பூட்டிய பிறகு "ரேக்". தலையும் தோளும் இடுப்பும் பென்சில், பாதம் தரையில். 2023 முதல் சர்வதேச சம்மேளன விதியில் முழங்கை தோள் மூட்டின் மட்டத்துக்கோ கீழேயோ இறங்கவும் வேண்டும். கேட்ட எடையைப் பிறகு குறைக்க முடியாது. மூன்றும் தவறினால் வெளியே.

போன வருடம் எமது தம்பியின் முதல் முயற்சி 95 கிலோ. தூக்கினார். ஆனால் "பிரஸ்" சொல்லுமுன் தூக்கினார். அந்த 133 ரெப்பில் ஒன்றைக்கூட மார்பில் நிறுத்திப் பழகவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் தோள் விட்டுவிட்டது.

அன்றிரவு நால்வரும் நாமும் சேர்ந்து ஒரு கொப்பித் தாளில் எழுதியது இது. எமது கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. மேலே சொன்ன மனிதர்களிடமிருந்து எடுத்ததுதான்.

முதல் நான்கு கிழமை 70, 75 வீதம். கிழமையில் மூன்று நாள், அதில் ஒரு நாள் கட்டாயம் இலேசு. அடுத்த மூன்று கிழமை 80, 85. ரெப் குறையும். அடுத்த இரண்டு கிழமை 90ஐச் சுற்றி ஒற்றை ரெப்கள், ஒருவர் நடுவராக நின்று கட்டளை சொல்ல வேண்டும். கடைசிக் கிழமை மிக இலேசு, தூக்கம். ஒவ்வொரு நாளும் முதல் ரெப் மார்பில் நிற்க வேண்டும். போட்டியில் முதல் எடை உச்சத்தில் 90 வீதம். மோசமான நாளிலும் தூக்கக்கூடியது.

எதிர்பார்ப்பு எவ்வளவு? இரண்டரைக் கிலோ கூடினாலும் அல்ஹம்துலில்லாஹ். ஐந்து கூடினால் பெரிய விடயம்.

நான்காவது தம்பிக்கு மட்டும் அந்தத் தாளைக் கொடுக்கவில்லை. முதலில் தோளைக் காட்டிவிட்டு வாருங்கள் என்றோம். வைத்தியசாலையின் பிஸியோதெரபி பிரிவுக்குப் போய் வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு துண்டைக் காட்டினார். சின்ன எடை, 3 செட், 10 ரெப். "பேபி வேலை சேர்" என்றார்.

"தம்பி, இது யார் எழுதினது தெரியுமா?" என்று கேட்டோம். சிக்காகோ ஆஸ்பத்திரியையும் இரும்புச் சப்பாத்தையும் மறுபடி சொன்னோம். துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இந்தப் போட்டிக்கு அவருடைய தோள் தேறுமா என்பதை பிஸியோதெரபி மிஸ்தான் சொல்ல வேண்டும். தேறாவிட்டால் மற்ற மூவருக்கும் "பிரஸ்" கட்டளை சொல்லும் நடுவர் அவர்தான். அதற்கு அவரே சம்மதித்துவிட்டார். அந்தக் கட்டளையின் பெறுமதி அவரைவிட யாருக்குத் தெரியும்?

போட்டிக்குப் போகும் ஏனைய ஊர்த் தம்பிமாரும் உங்களுடைய திட்டத்தைக் கொமண்ட்டில் போடுங்கள். யார், எப்போது, யாருக்காக என்று சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். நால்வருக்காகவும் துஆ செய்யுங்கள்.